ஆறாம் வேற்றுமையும் பொதுப்பணமும்: புத்தளம் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ் இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப்பொருள் கூறுவர். உடைமையைக் குறிக்கும் அக்கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படுத்துதல் மரபு. உடையவனிடமிருந்து பிரிக்கவியலாதது தற்கிழமை, பிரித்தற்குரியது பிறிதின்கிழமை. இலங்கையின் ஊர்களிலே சிறு பாலம், சனசமூக நிலையம், பாடசாலைக் கட்டடம், பேருந்துத் தரிப்பிடம் முதலியவற்றின் முகப்பில் பதிக்கப்படும் நினைவுக்கற்களில் ஏறத்தாழ ஒரே வாய்பாடு காணப்படும். கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் இன்னார் அவர்களின் நிதியொதுக்கீட்டில் இது அமைக்கப்பட்டது என்பதே அது. இங்கு 'அவர்களின்' என்பது எக்கிழமை? அந்த நிதி உறுப்பினரின் பண்புமன்று, உறுப்புமன்று, ஆதலால் தற்கிழமையாகாது. அவர் ஈட்டி வைத்த பொருளும் அன்று. ஆதலால் பிறிதின்கிழமையும் ஆகாது. உப்பு முதல் மண்ணெண்ணெய் வரை வாங்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் வரியாகத் திரட்டப்பட்டுத் திறைசேரியிற் சேர்ந்த பணம் அது. எனினும் கல்லில் எழுதப்பட்டவுடன் அதற்கு ஓர் உடையவர் தோன்றிவிடுகின்றார்.

இவ்வாய்பாட்டினுள் நான்காம் வேற்றுமை ஒன்றும் மறைந்து நிற்கின்றது. நிதி 'அவருடையது', அது 'மக்களுக்கு' வழங்கப்பட்டது. நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் கொடையும் ஒன்று, தகவும் ஒன்று. இரவலனுக்குப் பொருள் கொடுத்தான் என்பது கொடை. குழந்தைக்குப் பால் தகும் என்பது தகவு. முன்னது கொடுப்போனின் விருப்பத்தைச் சார்ந்தது. பின்னது பெறுவோனின் தேவையையும் உரிமையையும் சார்ந்தது. குடியாட்சியிற் பொதுப்பணம் மக்களைச் சென்றடைய வேண்டிய முறை தகவாகும். ஆனால் நடைமுறையில் அது கொடையாகவே சென்றடைகின்றது. சட்டமியற்றுவோரின் செலவு முன்னுரிமைகள் பொதுத்தேவைகளிலிருந்து விலகிச் செல்வதற்கு ஊழலோ அறியாமையோ மட்டும் காரணமாகாது. உரிமையைக் கொடையாக மாற்றிவிடும் அமைப்பே அதன் மூலகாரணம் என்பது புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும்.

அக்கரையோரத்தை எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. தெற்கே மகா ஓயா தொடக்கம் வடக்கே வில்பத்துக் காட்டெல்லை வரை நீளும் இப்பிரதேசம் கடல், களப்பு, உப்பளம், தென்னந்தோட்டம், மணற்பாங்கான தோட்டநிலம் என்பவற்றை அடுத்தடுத்துக் கொண்டது. சிலாபத்துக் கத்தோலிக்க மீனவர், உடப்பின் தமிழ் இந்துக்கள், கற்பிட்டிக் குடாநாட்டின் முஸ்லிம் தோட்டச் செய்கையாளர், உட்பகுதிச் சிங்கள விவசாயிகள் ஆகியோர் அயலவராக வாழும் மாவட்டம் இது. தமிழ்ப் புலமை வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூற்றாக்' நூலின் ஆசிரியரான சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்துரைக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை 1834இல் வெளியிட்ட அவர், பின்னர் சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகவும் அமர்ந்தார். அவரை அச்சபைக்கு நியமித்தது குடியேற்ற ஆட்சியே என்பதும், மக்கள் வாக்கு அக்காலத்தில் இருக்கவில்லை என்பதும் மறக்கற்பாலன அல்ல. ஆயினும் ஊர்களை அறிந்து பதிவு செய்த ஒருவர் அதன்பின் அவற்றின் பிரதிநிதியாக அமர்ந்த வரிசைமுறை கருதத்தக்கது. ஓர் ஊரில் எத்தனை கிணறுகள் உள்ளன, அவற்றுள் எத்தனை உவர்த்துவிட்டன என்று அறிவது முதலிலும், எங்கே எதைக் கட்டுவது என்று தீர்மானிப்பது அடுத்தும் வருதல் வேண்டும். இன்றைய முறையிலோ கட்டுதல் முதலில் வருகின்றது. அறிதல் பெரும்பாலும் வருவதேயில்லை.

இம்முறையின் வரலாறு சுருக்கமாக நோக்கத்தக்கது. 1974இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தை அறிமுகப்படுத்தித் தேர்தல் தொகுதி ஒன்றுக்கு 25 இலட்சம் ரூபாவை ஒதுக்கியது. கொழும்பில் உள்ள அமைச்சுகளின் படிக்கட்டுகளில் ஏறி இறங்காமல் ஊர்மட்டச் சிறு வேலைகள் விரைந்து முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னும் உணவுத் தட்டுப்பாட்டின் நடுவிலும் இருந்த நாட்டில் அந்நோக்கத்தை எளிதிற் குறைகூற முடியாது. 1977இல் ஆட்சி மாறியபோதும் முறை மாறவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. அம்முறையில் 1989இல் நடைபெற்ற முதலாவது பொதுத்தேர்தலிலிருந்து உறுப்பினர் ஒருவர் முழு மாவட்டத்திலும் விருப்பு வாக்குத் தேடவேண்டியவரானார். புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டிய, வென்னப்புவ எனத் தனித்தனியே பொறுப்புக்கூறும் உறுப்பினர்களைக் கொண்டிருந்த தொகுதிகள் ஐந்தும் ஒரே களமாயின. தன் கட்சிக்காரரே தனக்குப் போட்டியாளராக நிற்கும் களத்தில், ஓரிடத்தில் ஆழமாகச் செய்யப்படும் ஒரு வேலையை விட ஐம்பது இடங்களில் பெயர் பொறிக்கத்தக்க ஐம்பது சிறு வேலைகள் வாக்குப் பயன் மிகுந்தனவாயின. ஆதலால் இது தனிமனிதரின் குணக்கேட்டால் மட்டும் விளைந்ததன்று. தேர்தல் முறையும் நிதி முறையும் சேர்ந்து கற்பித்த பாடம் இது.

இந்நிதியின் தன்மையில் மற்றொரு வரையறையும் உண்டு. அரச செலவினத்தை மூலதனச் செலவினம், மீண்டெழும் செலவினம் என இரண்டாகப் பிரிப்பர். பன்முகப்படுத்தப்பட்ட நிதி மூலதனச் செலவினத்திற்குரியது. உறுப்பினர் முன்மொழிவை மாவட்டச் செயலகத்திற்கு அனுப்ப, பிரதேச செயலகங்கள் நிறைவேற்றும். நிதியாண்டு முடியுமுன் பணம் செலவாதல் வேண்டும். இவ்வரையறையின் விளைவை எளிதிற் காணலாம். வகுப்பறை கட்டலாம்; ஆனால் அதில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளம் மீண்டெழும் செலவு. நீர்த்தாங்கி எழுப்பலாம், அதனை நிரப்பும் இயந்திரத்தின் மின்கட்டணம் மீண்டெழும் செலவு. நீர் சுத்திகரிப்புப் பொறி வாங்கலாம்; அதன் வடிகட்டிகளைக் காலந்தோறும் மாற்றுவது மீண்டெழும் செலவு. மருந்தகத்திற்குச் சுவர் எழுப்பலாம்; தாதியும் மருந்தும் மீண்டெழும் செலவுகள். ஒரே நாளில் நாடா வெட்டித் திறக்கக்கூடியவை எல்லாம் ஒரு பக்கத்திலும், ஒவ்வொரு நாளும் நிகழவேண்டியவை எல்லாம் மறுபக்கத்திலும் சேர்ந்துவிடுகின்றன. மக்களின் வாழ்வை உண்மையில் தாங்குவன பின்னவை. அவற்றுக்கு நினைவுக்கல் நாட்டும் வழக்கம் எங்கும் இல்லை.

கற்பிட்டிக் குடாநாட்டின் நீர்ப் பிரச்சினை இதற்குத் தக்க சான்றாகும். கடலுக்கும் களப்புக்கும் இடையிற் கிடக்கும் இம்மணல் நிலத்தின் அடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே மக்களுக்கும் பயிருக்கும் ஆதாரம். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியன ஆண்டு முழுவதும் செறிவாகப் பயிரிடப்படும் இந்நிலத்தில் இடப்படும் உரம் மணலூடாக விரைந்து கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டுள்ளமையை இலங்கை ஆய்வாளர் பல தசாப்தங்களாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் மேலெழும். இறைப்பைக் குறைத்தால் பயிர் வாடும். இதற்குரிய பரிகாரம் எது? உரப் பயன்பாடு பற்றிய இடைவிடாத விரிவாக்கப் பணி, கிணறுகளைக் காலந்தோறும் சோதித்தல், இறைப்பு ஒழுங்கு, தொலைவிலிருந்து குழாய்வழி நீர் வழங்கல் ஆகியனவே. இவற்றுள் எதுவும் ஓர் உறுப்பினரின் ஓராண்டு ஒதுக்கீட்டில் அடங்காது. அடங்குவன பிளாத்திக்குத் தாங்கிகளும், வரட்சிக் காலத்தில் பவுசரிற் கொணரப்படும் நீருமே. தாகம் தீர்க்கும் எதனையும் இகழ்தல் தகாது. ஆயினும் ஆண்டுதோறும் தாங்கி வழங்கப்படுவது பிரச்சினை தீரவில்லை என்பதற்கான சான்றே. சேவையின் சிறப்புக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று.

ஊர்மட்டத்துச் சிறு கொடைகளின் இயல்பு இது. அடுத்து நோக்கவேண்டியவை இதே கரையோரத்தில் இறங்கிய பெருந்திட்டங்களாகும். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதிமீது முழுமையான கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்திற்கு அளிக்கின்றது. அங்கு அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் இலட்சக்கணக்கான ரூபாவுக்கு மட்டுமன்றிக் கோடிக்கணக்கான டொலருக்கும் காவலர் என்பதே அதன் கருத்து.

நுரைச்சோலையிலுள்ள லக்விஜய அனல்மின் நிலையம் இத்திட்டங்களுள் மிகப் பெரியது. நிலக்கரி மின்னிலையம் பற்றிய எண்ணம் பல ஆண்டுகள் இடத்திற்கிடம் அலைந்து, 1990களில் நுரைச்சோலையை அடைந்தபோது தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தைக் கருதிக் கத்தோலிக்கத் திருச்சபையும், கடற்றொழிலாளரும் தோட்டச் செய்கையாளரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் சீன எக்சிம் வங்கியின் கடனுதவியுடன் 2006இல் வேலை தொடங்கியது. 2011 மார்ச்சில் முதலாவது 300 மெகாவாற்று அலகு திறக்கப்பட்டது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவுற்று 900 மெகாவாற்று ஆற்றல் பெற்ற நிலையத்திற்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 135 கோடி அமெரிக்க டொலர். இதனைத் தலைவர் ஒருவரின் விருப்பத் திட்டம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. நாட்டின் மின்தேவையில் கணிசமான பங்கினை இது நிறைவுசெய்கின்றது. இது நின்ற நாட்களில் நாடே இருளடைந்ததுண்டு. குறை வேறிடத்தில் உள்ளது. பெருங்கடனில் எழுந்த நிலையத்திற்கு 'இலங்கையின் வெற்றி' எனப் பெயர் சூட்டப்பட்டது. அந்நிலையத்தின் நிலக்கரித் தூசியும் சாம்பலும் பருவக்காற்றில் அயலூர்த் தோட்டங்களில் படிவதைத் தடுப்பது, கடற்றொழிலாளரின் இழப்பை ஈடுசெய்வது, கிணற்று நீரைக் கண்காணிப்பது என்பன ஆண்டாண்டாக இழுபட்டன. மின்சாரம் நாடு முழுவதற்கும் தகவாகச் செல்ல, அதனைத் தாங்கும் ஊர்களுக்கு மட்டும் பரிகாரம் கொடையாக வரவேண்டியதாயிற்று.

அறுவக்காட்டுக் குப்பைத் திட்டம் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பின் புறத்தேயுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். தலைநகரின் கழிவைத் தரம்பிரித்தல், மீள்பயன்படுத்தல், உரமாக்கல் என்னும் நாளாந்த வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்யாதுவிட்டதன் விளைவு அது. அதற்கு விடையாக விரைவுபடுத்தப்பட்டதோ ஒரு பெருங்கட்டுமானம். கொழும்பிலிருந்து 170 கிலோமீற்றர் தொலைவில், வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில், சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட குழிகளில், நாளொன்றுக்கு 1,200 மெற்றிக் தொன் கழிவைப் புகையிரதத்திற் கொணர்ந்து புதைப்பதே திட்டம். ஒருபுறம் வில்பத்து வனமும் மறுபுறம் புத்தளம் களப்பும் அண்மையில் உள்ள இடம் அது. 2018இன் பிற்பகுதியில் தொடங்கிய மக்களின் சத்தியாக்கிரகம் நூறு நாட்களுக்கு மேல் நீடித்தது. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் இந்துக்களும் அதில் ஒன்றுபட்டு நின்றமை அம்மாவட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. எனினும் 2019 ஓகஸ்டில் குப்பை ஏற்றிய வாகனங்கள் வரத் தொடங்கின. அதே ஆண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் அக்குப்பைக் கிடங்கில் வெடிப்பு நிகழ்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை இவை. தலைநகரத்தின் தேவை பொதுத்தேவையாகக் கொள்ளப்பட்டபோது கரையோர மாவட்டம் ஒன்றின் தேவை எதிர்ப்பாக மட்டுமே கொள்ளப்பட்டது.

கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டமும் இங்கு நினைக்கத்தக்கது. களப்பின் வாயிலிற் கிடக்கும் 14 தீவுகளையும் ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தையும் தழுவி, ஆடம்பர விடுதிகளும் உள்நாட்டு விமான நிலையமும் விளையாட்டுத் திடல்களும் அமையும் என வரைபடங்கள் தீட்டப்பட்டன. அத்தீவுகளிற் பருவந்தோறும் வாடியடித்துத் தொழில்செய்து வந்த மீனவர், தம் கரைவழிகள் வேலியிடப்படுமோ என அஞ்சினர். வரைபடத்தில் எழுந்த விடுதிகளுட் பெரும்பாலானவை மண்ணில் எழவில்லை. அச்சம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. தலைவர்களின் கற்பனைக்குரிய கடற்கரை வேறு, தொழிலாளியின் கடற்கரை வேறு என்பதை இத்திட்டம் காட்டியது.

இவை புத்தளத்திற்கு மட்டும் உரியனவல்ல. 1979 முதல் 1993 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற கம் உதாவ கண்காட்சி, அதனைத் தோற்றுவித்த ரணசிங்க பிரேமதாசாவின் பிறந்தநாளாகிய ஜூன் 23ஐ ஒட்டி அமைந்தது. ஏழைகளுக்கு வீடு என்னும் மெய்யான தேவையோடு விழா என்னும் கொடைக்கோலம் அங்கு பிணைந்தது. 2013 மார்ச்சில் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தலையில், அன்றைய சனாதிபதியின் பெயரையே தாங்கித் திறக்கப்பட்ட சர்வதேச விமான நிலையத்தில் பயணிகள் இல்லை என்பது உலகப் பத்திரிகைகளில் நகைப்புக்கு இடமானது. அதுவும் சீனக் கடனிலேயே எழுந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தபோது, கொடையாளர் போலத் தோன்றியோர் கொடுத்தவை எல்லாம் பெற்றவர்களின் பெயரில் வாங்கிய கடனே என்பது வெளிப்பட்டது. நினைவுக்கல்லிற் பெயர் பொறித்தவர் ஒருவர். கடன்பத்திரத்திற்குப் பொறுப்பானவர் மற்றொருவர்.

பன்முகப்படுத்தப்பட்ட நிதிக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதம் வலுவுடையது. அதனை எளிதிற் புறக்கணித்தலாகாது. மத்திய அமைச்சுகள் தமிழ் பேசும் ஊர்களைத் தொடர்ந்து புறக்கணித்த காலத்தில், உறுப்பினரின் ஒதுக்கீடு ஒன்றே சில ஊர்களுக்கு வீதியும் மின்கம்பமும் கொணர்ந்தது என்பர். அதுவும் இல்லாதொழிந்தால் சிறுபான்மை ஊர்கள் என்ன செய்யும் என்று வினவுவர். இவ்வாதத்தின் தொடர்ச்சியாகவே, புத்தளத்திலிருந்து தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவர் பாராளுமன்றம் செல்லவேண்டும் என்ற வேட்கை நீண்டகாலமாக ஒலித்து வந்தது. 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் தெரிவானபோது அது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. பிரதிநிதித்துவம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. புத்தளம் தொகுதியின் உறுப்பினராயிருந்த எம்.எச்.எம். நெய்னா மரைக்கார் 1988–89 காலப்பகுதியில் நாட்டின் நிதியமைச்சராகவே விளங்கினார். திறைசேரியின் திறவுகோல் புத்தளத்தவர் ஒருவரின் கையில் இருந்த நாட்களும் உண்டு. கற்பிட்டியின் கிணறுகளும் கரையோரப் பாடசாலைகளும் அதனாற் குறைதீர்ந்து விடவில்லை. அவர்தம் ஆற்றலில் உள்ள குறையாக இதனைக் கொள்ளலாகாது. ஓர் ஆளைச் சார்ந்து வரும் நன்மை அந்த ஆளோடு போய்விடும் என்பதையே இது காட்டுகின்றது. பிரதிநிதித்துவத்தைக் கொடையிற் பங்கு பெறும் வழியாக மட்டும் கருதும் சமூகம், தகவைக் கேட்கும் பழக்கத்தை இழந்துவிடுகின்றது. வாக்களித்த ஊருக்கு வீதி, வாக்களியாத ஊருக்குத் தண்டனை என்னும் நியாயத்தை அச்சமூகம் தன்னையறியாமலே ஏற்றுக்கொள்கின்றது. பெரும்பான்மையினர் அதே நியாயத்தைக் கையாளும்போது முறையிடுவதற்கு அதனிடம் கொள்கை எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

இதே மாவட்டத்தில் வேறொரு முன்னுதாரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் புத்தளத்திற் புகலிடம் தேடினர். ஓலைக் குடிசைகளில் அவர்கள் கழித்த ஆண்டுகளில் அரசியல்வாதிகளின் வாக்குறுதிகளுக்குக் குறைவிருக்கவில்லை. 2007இல் உலக வங்கியின் 3.2 கோடி டொலர் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. குறைபாடுகள் அதிலும் இருந்தன. கடன் என்பதும் அயலார் பணம் என்பதும் மறுக்கவியலாதவை. ஆனால் எவருக்கு வீடு என்பதைத் தகுதிவிதிகள் தீர்மானித்தன, குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன, வீட்டைத் தாமே கட்டிக்கொள்ள நிதி கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது, குடிநீரும் கழிவறையும் வீட்டோடு சேர்த்தே எண்ணப்பட்டன. வீடு பெற்றவர் எவருக்கும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. தகவின் அடிப்படையிற் பொதுப்பணம் செல்லக்கூடும் என்பதற்கு அயலிற் சான்று தேடவேண்டியதில்லை. அது ஆலங்குடாவிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் உள்ளது.

பிறநாட்டு அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இந்தியாவில் 1993 டிசம்பரில் பாராளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதித்திட்டம் தொடங்கியது. 2011 முதல் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து கோடி ரூபா என்னும் அளவை அது எட்டியது. நிர்வாகச் சீர்திருத்த ஆணைக்குழு 2007இல் அத்திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தபோதும், 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. அதற்கு மாறாகப் பிலிப்பைன்ஸ் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பர் 19ஆம் நாள் அந்நாட்டு உறுப்பினர்களின் அபிவிருத்தி நிதியை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது. வரவு செலவுச் சட்டத்தை நிறைவேற்றிய பின், அதனைச் செயற்படுத்துவதிலும் சட்டமியற்றுவோர் கைவைத்தல் அதிகாரப் பிரிவினைக்கு ஒவ்வாது என்பதே அதன் நியாயம். கென்ய உச்ச நீதிமன்றமும் தொகுதி அபிவிருத்தி நிதி பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை 2022இல் செல்லாததாக்கியது. இத்தீர்ப்புகளின் உட்பொருள் தெளிவானது. செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவாளியானால் கண்காணிப்போர் எவரும் இரார். இலட்சங்களுக்கு நாடா வெட்டுவதில் நாளைக் கழிப்பவர், கோடிகளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையைத் தாமே கைவிட்டவராவார்.

உறுப்பினரின் கையிலிருந்து நீங்கும் பணம் எவர் கைக்குச் செல்லவேண்டும் என்ற வினாவிற்கு விடை புதிதாகத் தேடப்படவேண்டியதன்று. பிரதேச சபைகளும் நகர சபைகளும் மாகாண சபைகளும் அதற்கெனவே உள்ளன. ஆனால் அவற்றின் கதி யாது? வடமேல் மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடைபெற்றது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிவுற்றது. அறுவக்காட்டுப் போராட்டம் சூடுபிடித்த அதே நாட்களில், மாகாணத்தின் குரலாக அமையவேண்டிய சபை இல்லாதொழிந்து ஆளுநரின் ஆட்சி தொடர்ந்தது. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச்சில் நடைபெற இருந்தது. பணமில்லை என்று காரணங்காட்டித் திறைசேரி நிதியை விடுவிக்காதமையால் அது நின்றுபோனது. அச்செயல் குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஓகஸ்ட் 22ஆம் நாள் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; தேர்தல் 2025 மே 6ஆம் நாளே நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, ஊரின் வடிகாலையும் குப்பையையும் தெருவிளக்கையும் பற்றிக் கேட்பதற்கு ஊரார் தெரிவுசெய்த ஒருவரும் இருக்கவில்லை. ஓர் அரசின் செலவு முன்னுரிமையை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மக்கள் தம் முன்னுரிமைகளைத் தாமே கூறுவதற்கான செலவே அங்கு கடைசி இடத்தைப் பெற்றது.

உள்ளூராட்சி மன்றங்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சீர்ப்படும் எனக் கூறுதலும் மிகையாகும். அங்கும் பெயர்ப்பலகைகள் முளைக்கும். அங்கும் ஒப்பந்தகாரர் உறவினராயிருத்தல் கூடும். வேண்டப்படுவன மூன்று. ஊர்களின் தேவை முதலிற் கணக்கிடப்பட்டு அப்பட்டியல் யாவரும் காணப் பிரதேச சபையின் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். கட்டப்படும் ஒவ்வொன்றிற்கும் அதனைப் பத்தாண்டு நடத்தும் செலவு எங்கிருந்து வரும் என்பது அடிக்கல் நாட்டுமுன் எழுதப்படல் வேண்டும். நாட்டின் தேவைக்கெனச் சுமையேற்கும் நுரைச்சோலை, அறுவக்காடு போன்ற இடங்களின் பரிகாரம் திட்டச் செலவின் பகுதியாகச் சட்டத்தில் அமைதல் வேண்டும். இம்மூன்றும் பெரும் புரட்சிகள் அல்ல. ஆனால் இவற்றுள் எதனாலும் எவருடைய பெயரும் கல்லில் ஏறாது. இவை இதுகாறும் நிகழாமைக்கு அதுவே போதிய விளக்கமாகும்.

அரசின் தொழில்களை எண்ணுமிடத்து வள்ளுவர் ஈட்டலோடும் காத்தலோடும் நிறுத்தாது வகுத்தலையும் சேர்த்தே கூறியுள்ளார். வகுத்தல் என்பது பகுத்தளித்தல், கொடுத்தல் அன்று. கொடுப்பவன் பெருமை பெறுவான். வகுப்பவன் கணக்குக் காட்டுவான். புத்தளம் கரையோரத்தின் பாடசாலைச் சுவரிலோ நீர்த்தாங்கியின் அடியிலோ பதிக்கப்படும் கல், இது இன்னாரின் நிதி என்று கூறாமல், மக்களின் பணத்தில் இன்ன தேவைக்கு இவ்வளவு செலவில் அமைந்தது, இதனை நடத்தும் பொறுப்பு இன்ன சபையினது என்று கூறுமாயின், ஆறாம் வேற்றுமை உரிய இடத்தில் நின்றதாகும். அந்தச் சொற்றொடரை எழுதுவிப்பது உறுப்பினரின் மனமாற்றத்தால் நிகழப்போவதில்லை. கொடைக்கு நன்றி கூறிப் பழகிய மக்கள் தகவைக் கேட்கத் தொடங்கும்போதே அது நிகழும். அறுவக்காட்டை எதிர்த்து நூறு நாள் அமர்ந்திருந்தவர்கள் கேட்டது எவருடைய கொடையையுமன்று என்பது அவ்வகையில் நம்பிக்கை தருவதாகும்.